மண் குதிரை – 1: எங்கள் ஊர் அருங்காட்சியகத்தை இடம் மாற்ற முடிவெடுத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கும், அவர்களது முடிவுக்கு உடன்பட்ட ஊராட்சிப் பொறுப்பாளர்களுக்கும்,

கடந்த ஆனி மாதத்தில், எங்கள் ஊர் அருங்காட்சியகம் இருக்கும் படிப்பகத்தின் கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டிச் சென்றீர்கள். கட்டடம் பழுதடைந்து ஆபத்தான நிலையில் இருப்பதால் இடிக்கப்படும் என்றும், உள்ளே உள்ள பொருள்கள் பாதுகாப்புக் கருதி மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுசெல்லப்படும் என்றும், காலியாகும் மனையில் உரக் கிடங்கு ஒன்று கட்டப்படும் என்றும் அதில் கண்டிருக்கிறது. இணைப்பாக ஒட்டிய பொருள் பட்டியலில் 17 இனங்கள் உள்ளன. நான்காவது இனம் "மண் குதிரை – 1" என்று தட்டச்சாகியிருக்கிறது.

அது குதிரை அன்று, ஐயா; குதிர். நெல் கொட்டி வைக்கும் மண் குதிர். பார்வையிட வந்த அன்று "அந்தக் குதிரை எழுதிக்கோங்க" என்று எங்கள் ஊர்ப் பையன் எவனாவது சொல்லியிருப்பான். இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்ற குதிர், உங்கள் அலுவலகத் தட்டச்சில் நான்கு கால் முளைத்து நின்றுவிட்டது. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்னும் பழமொழியில் வருவதுகூட விலங்கன்று, ஆற்றின் நடுவே தெரியும் மணல்திட்டாகிய குதிர்தான் என்று சொல்வார் உண்டு. 31 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து பிழை திருத்திய கை என்னுடையது. ஆனால் ஓர் எழுத்துப் பிழைக்காகத் திறந்த மடல் எழுதும் அளவுக்கு நான் பொழுது போகாதவள் அல்லள். பொருள் இன்னதென்று அறியாத ஒருவர் பட்டியல் எடுத்தார். அந்தப் பட்டியலைத் தவிர வேறொன்றையும் பாராத ஒருவர் இடமாற்றத்துக்கு ஆணையிட்டார். என் குறை அதுதான். கையெழுத்துப் போட்டவர் யார் என்பது என் வழக்கன்று. ஆகவே அலுவலகத்தின் பெயரையோ அலுவலரின் பெயரையோ இங்கே நான் எழுதவில்லை.

முதலில் அந்தக் குதிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். களிமண்ணோடு உமியும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து மிதித்து, உறை உறையாக வனைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இணைப்புகளை ஈரமண் பூசி மூடி, வெளியே சாணம் மெழுகிய குதிர் அது. சூளையில் வேகாத பச்சை மண். ஐந்தடி உயரம் இருக்கும். நடுவயிறு அகன்றது; வாய் ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு இருக்கிறது. அடியில், தரையிலிருந்து ஒரு சாண் மேலே, நெல்லை இறக்குவதற்கான சிறு துளை ஒன்று இருக்கிறது. அதைப் பழந்துணிச் சுருளால் அடைத்து வைப்பார்கள். இந்தக் குதிரை வெளியே வனைந்து உள்ளே தூக்கி வைக்கவில்லை. அறைக்குள்ளேயே வைத்து அடுக்கியது. அறையின் நிலைப்படியைவிடக் குதிரின் வயிறு அகலம். ஆகவே, நீங்கள் அதை மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுசெல்ல வேண்டுமானால் முதலில் சுவரை இடிக்க வேண்டும், அல்லது குதிரை உடைக்க வேண்டும். சுவரை இடித்தாலும், லாரியில் ஏற்றி எங்கள் ஊர்ச் சாலையில் கொண்டுபோனால் அது மண்ணாகத்தான் போய்ச் சேரும்.

இப்போது அந்த வீட்டைப் பற்றி. படிப்பகம் என்று நீங்கள் குறிப்பிடும் கட்டடம் என் தாத்தாவின் வீடு. அவர் மடத்து நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். 1943-இல் தென்பரையில் விவசாயிகள் சங்கம் அமைந்ததையும், தென் கன்னடத்திலிருந்து வந்த பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சையின் சேரிகளிலேயே தங்கி, அங்குள்ளவர்கள் உண்டதை உண்டு, பண்ணையாள்களையும் குத்தகைதாரர்களையும் ஒரே சங்கத்தில் சேர்த்ததையும் நீங்கள் படித்திருப்பீர்கள். சாட்டையடியும், சாணத்தைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் இங்கே தண்டனை முறைகளாக இருந்தன என்பது இன்றைய பிள்ளைகளுக்குக் கதைபோலத் தோன்றுகிறது. அப்பாவைப் பெற்ற என் அப்பாயிக்கு அது கண்ணால் கண்ட காட்சி. 1948-இல் அடக்குமுறை தொடங்கியபோது சங்கத் தலைவர்கள் தலைமறைவானார்கள். மலபார் போலீஸ் ஊர் ஊராக இறங்கியது. 1950 மே மாதத்தில் சங்கப் போராளிகளான வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது 1952-இல். அடக்குமுறை தொடங்கியதற்கும் சட்டம் வந்ததற்கும் இடையில், 1949-இன் மழைக்காலத்தில், ஏறத்தாழ நான்கு மாதங்கள், எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார்.

அவரைப் "பெரியவர்" என்றுதான் வீட்டில் சொன்னார்கள். பெயர் கேட்பதில்லை என்பது அந்நாளில் அடைக்கலம் கொடுத்த வீடுகளின் முதல் விதி. தெரியாத பெயரை அடித்தாலும் சொல்ல முடியாது அல்லவா! பிற்காலத்தில் பலர் பல தலைவர்களின் பெயரைச் சொல்லி, அதைப் பலகையில் எழுதச் சொன்னார்கள். நான் விடவில்லை. "பெரியவர்" என்றே இன்றுவரை எழுதியிருக்கிறது. பகலில் அவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில், பண்ணையாள்களின் குடிசைகளில் இருப்பார், அங்கேதான் சாப்பாடு. இரவில் வாய்க்காலைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வருவார். அவரோடு அந்தத் தெருக்காரர்கள் இரண்டு பேர் காவலுக்கு வருவார்கள். அதுவரை எங்கள் திண்ணையில் கால் வைக்காதவர்கள், வைக்க விடப்படாதவர்கள், அந்த நான்கு மாதங்களில் அறைக்குள் வந்து உட்கார்ந்து என் அப்பாயி கையால் கஞ்சி வாங்கிக் குடித்தார்கள். இதைச் சொல்லும்போது அப்பாயி பெருமைப்பட்டதில்லை; "அவ்வளவு காலம் ஆச்சு பாரு" என்று வெட்கப்பட்டுத்தான் சொல்வாள்.

போலீஸ் வந்த இரவில் பெரியவர் குதிருக்குள் இறங்கினார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையை எல்லா ஊரிலும் சொல்வார்கள். அந்தக் கதையின் மீதிருந்த பயத்தாலேயே, அப்போது எட்டு வயதுப் பையனாக இருந்த என் தந்தையை நான்கு மாதமும் அத்தை வீட்டில் விட்டுவைத்திருந்தாள் அப்பாயி. குதிரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு விதைநெல் கிடந்தது. அதன்மேல் அவர் குந்தி உட்கார, வாயின்மேல் முறத்தில் நெல்லைப் பரப்பி வைத்தாள். உள்ளே வந்த போலீஸ்காரர் ஒருவர் குதிரைத் தடியால் தட்டினார். பின்பு அடைப்புத் துணியைப் பிடுங்கினார். நெல் சரசரவென்று தரையில் கொட்டியது. "விதை நெல்லுங்க சாமி, கொட்டிப்புடாதீங்க" என்று அப்பாயி கையை ஏந்திக்கொண்டு ஓடினாள். நெல்லைக் கண்டதும் அவர் தேடலை நிறுத்திக்கொண்டார். தடி பட்ட இடத்தில், துளையின் வலப்பக்க உதட்டில், ஒரு விரற்கடை அளவுக்கு மண் பெயர்ந்திருக்கிறது. அப்பாயி ஒவ்வொரு பொங்கலுக்கும் குதிரை மெழுகுவாள். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மெழுகுவாள். உங்கள் பட்டியலில் "நிலை" என்னும் கட்டத்தில் "சேதமடைந்தது" என்று எழுதியிருப்பது அந்த விரற்கடை மண்ணைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

ஒன்பதாவது இனமாக "பழைய விளக்கு – 1" என்று குறித்திருக்கிறீர்கள். அந்த அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: மூன்று பக்கம் கரி குழைத்துப் பூசி, ஒரு பக்கம் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிச்சம் வர விட்டிருக்கிறது. மதகடியில் காவல் இருந்தவர் போலீஸ் வண்டியைக் கண்டால் அந்தப் பக்கத்தை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பி இரண்டு முறை தூக்கிக் காட்டுவார். அவருடைய பேரன்தான் இன்று படிப்பகத்தின் சாவியை வைத்திருக்கிறான். பதினோராவது, பன்னிரண்டாவது இனங்களாகத் தனித்தனியே எழுதியிருக்கும், நெல் அளக்கும் மரக்கால்கள் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று நெல்லை வாங்கும்போது அளந்தது, மற்றது கூலி கொடுக்கும்போது அளந்தது. அளவு சரியென்று அரசு முத்திரையிட்ட மரக்கால் வேண்டும் என்று சங்கம் ஏன் கேட்டது என்பதை விளக்க எனக்கு ஒரு பாடவேளைகூடத் தேவைப்பட்டதில்லை; பிள்ளைகளை விட்டு ஒன்றிலிருந்து மற்றதில் நெல்லை ஊற்றச் சொல்வேன், கீழே சிந்தியதே பாடம்.

என் தந்தை 1974-இல் இந்த வீட்டை ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். படிப்பகமாகவும், உள்ளறையிலுள்ள பொருள்கள் ஊரார் பார்வைக்கு அங்கேயே இருக்கும்படியும் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பத்திரத்தில் இருக்கிறது. நகல் என்னிடம் உள்ளது. உங்கள் அறிவிப்பில் அந்தப் பத்திரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கட்டடம் பழுதடைந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தபோது ஓடு முழுவதும் பறந்துபோயிற்று. தென்னைகள் எல்லாம் வேரோடு சாய்ந்துகிடந்த அந்தக் காலைப்பொழுதில், சாவி வைத்திருக்கும் அந்தத் தம்பி தன் குடிசை இருந்த இடத்தைப் பார்ப்பதற்கு முன்பே தார்ப்பாய் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து குதிரின்மேல் போட்டுக் கட்டினான். பச்சை மண் அல்லவா, இரண்டு நாள் மழை போதும் கரைந்துபோக. அதன்பிறகு ஒவ்வோர் ஐப்பசிக்கும் தார்ப்பாய் மாற்றுகிறோம். கூரை வேய உதவி கேட்டு நான் எழுதிய மனுக்கள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வந்தது, வேறொன்றும் வரவில்லை. கூரை போடக் கேட்டபோது வராத பதில், இடிப்பதற்கு மட்டும் கதவுவரை நடந்து வந்திருக்கிறது. பழுதாகும்வரை விட்டுவிட்டு, பழுதையே காரணம் காட்டி இடிப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

உங்கள் அலுவலர் ஒருவரை நேரில் கண்டு பேசியபோது, சிற்றூரில் இருந்தால் யார் வந்து பார்ப்பார்கள், தலைநகரில் வைத்தால் நாலு பேர் பார்ப்பார்களே என்றார். அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். அவருக்கு அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்கிறேன்.

2023 தை மாதத்தில், பாங்காக்கில் வேலை பார்க்கும் என் மகளிடம் சென்றிருந்தபோது, தாய்லாந்தின் வடகிழக்கு மூலையிலுள்ள நகோன் பனோம் என்ற ஊருக்குப் போனேன். பாங்காக்கிலிருந்து 700 கிலோமீட்டருக்கும் மேல். நகோன் என்பது நம் நகரம். பனோம் என்பது மலை. ஊரின் விளிம்பில் மேகாங் ஆறு ஓடுகிறது. மலைகள் அக்கரையில், லாவோஸில் இருக்கின்றன. நகரை விட்டுச் சிறிது தொலைவில் பான் நா சோக் என்னும் சிற்றூர். நா என்றால் அவர்கள் மொழியில் வயல். வயலும் வரப்பும் சூழ்ந்த அந்த ஊரில், வியட்நாம் விடுதலைத் தலைவர் ஹோ சி மின் தங்கியிருந்த மரவீடு ஒன்றை அது இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

1911-இல் சைகோனில் ஒரு பிரெஞ்சுக் கப்பலின் சமையலறையில் வேலைக்கு ஏறிப்போன அந்த மனிதர், 1941-இல் சீன எல்லையைக் கடந்து திரும்பும்வரை முப்பது ஆண்டுகள் தாய்நாட்டு மண்ணை மிதிக்கவில்லை. அந்த முப்பது ஆண்டுகளில் ஒரு சிறு பகுதி, 1928-இலும் 1929-இலும், அப்போது சயாம் எனப்பட்ட தாய்லாந்தில் கழிந்தது. ஹோ சி மின் என்னும் பெயரே அப்போது அவருக்கு இல்லை. பான் நா சோக்கில் குடியேறியிருந்த வியட்நாமியர் அவரைத் தாவ் சின் என்று அழைத்தார்கள். பெரியவர் சின் என்று பொருள். மகள் இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது நான் அந்த வீட்டின் படியிலேயே சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டேன். ஆற்றுக்கு அக்கரையில் அவரைத் தேடிக்கொண்டிருந்த பிரெஞ்சு ஆட்சி; 1929-இல் வியட்நாமின் வின் நகர நீதிமன்றம் அவர் இல்லாமலேயே அவருக்கு மரண தண்டனை விதித்தது. இக்கரையில் அவர் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்துக்கொண்டும், தாங்கள் வாழும் நாட்டின் மொழியையும் கற்றுக்கொள்ளுங்கள் என்று பெரியவர்களுக்குச் சொல்லிக்கொண்டும் இருந்தார். (பாரதியார் 1908-இல் ஆங்கிலேயருக்குத் தப்பிப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போனார், இவரோ பிரெஞ்சுக்காரருக்குத் தப்பிச் சயாமில் தங்கினார். எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு காலத்தில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலை வைத்துக்கொண்டு வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு எல்லை என்பது இப்படித்தான்: ஒருவருக்குச் சிறை, மற்றவருக்கு அடைக்கலம்.)

அந்த வீட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினால் தேய்ந்து வழவழத்த பலகைத் தரை. ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் படங்கள். முற்றத்தில் அவர் நட்டதாக ஊரார் காட்டும் மரங்கள். அவற்றில் ஒன்று, ஐந்து விளிம்புள்ள புளிப்புப் பழம் காய்க்கும் நட்சத்திரப் பழ மரம். வீட்டைக் காட்டிய அம்மையார் எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். அவர் கட்டிலைப் பற்றியோ மேசையைப் பற்றியோ அதிகம் பேசவில்லை. ஊரைச் சுற்றிக் கையைக் காட்டி, எந்த வீட்டிலிருந்து சோறு வந்தது, எந்தப் பாதை வழியாக அவர் வருவார் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அருங்காட்சியகம் அந்த ஊரில் இருப்பதால்தான் அப்படிக் கையைக் காட்ட முடிந்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அதே ஊரில் 2016-இல் பெரிய நினைவகம் ஒன்றும் திறந்திருக்கிறார்கள். மண்டபம், சிலை, கண்காட்சி எல்லாம் உண்டு. அதற்கு முன்பே, 2004-இல், இரண்டு நாட்டுப் பிரதமர்களும் வந்து அந்த ஊரை நட்புறவுக் கிராமமாகத் தொடங்கிவைத்தார்கள். பெரிய நினைவகம் வந்த பிறகும் அந்தச் சிறிய வீட்டைப் பிரித்து மண்டபத்துக்குள் கொண்டுபோய் வைக்கவில்லை. வீடு அங்கேயே நிற்கிறது. மண்டபம்தான் வீட்டைத் தேடி ஊருக்கு வந்தது.

அரசியல் சார்புள்ள பொருள்களை ஊராட்சிக் கட்டடத்தில் வைப்பதில் சங்கடம் இருக்கிறது என்றும் உங்கள் அலுவலகத்தில் எனக்குச் சொல்லப்பட்டது. தாய்லாந்து முடியாட்சி நாடு. பொதுவுடைமையைத் தடுக்க 1952-இல் தனிச் சட்டமே போட்ட நாடு. வியட்நாமியக் குடியேறிகளை நெடுங்காலம் ஐயத்தோடு பார்த்த நாடு. அந்த நாட்டுக்கு, வேற்று நாட்டுப் பொதுவுடைமைத் தலைவர் ஒருவர் ஒளிந்திருந்த வீட்டைக் காப்பதில் சங்கடம் இல்லை. நம் சட்டமன்றமே ஏற்றுச் சட்டமாக்கிய ஒரு கோரிக்கைக்காகத் தன் வீட்டுக் குதிரைத் திறந்துவிட்ட ஒரு கிழவியின் அறையைக் காப்பதில் உங்களுக்கு என்ன சங்கடம்? என் அப்பாயி எந்தக் கட்சியிலும் உறுப்பினர் சீட்டு வாங்கியவள் அல்லள். அவளுக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது.

தலைவர்களுக்கு நினைவிடங்கள் இருக்கின்றன, வேண்டியதுதான். 1961-இல் மறைந்த சீனிவாசராவுக்குத் திருத்துறைப்பூண்டியில் நினைவிடம் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் எரிந்துபோன கீழ்வெண்மணியில், அந்த மண்ணிலேயே நினைவுச் சின்னம் நிற்கிறது. அதை எங்காவது வசதியான பேருந்து நிலையத்தருகே வைத்திருக்கலாமே என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். புதுச்சேரியில் பாரதியார் வாழ்ந்த வீடு அந்தத் தெருவிலேயே அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆனால் தலைமறைவு வாழ்க்கை என்பது தலைவர் ஒருவரின் தனிச் செயல் அன்று. அவர் மறைந்திருந்தார் என்றால், ஒரு தெரு முழுவதும் வாய் திறக்காமல் இருந்தது என்று பொருள். ஒருவர் சோறு கொண்டுவந்தார், ஒருவர் மதகடியில் விளக்கோடு விழித்திருந்தார், ஒருத்தி தன் பிள்ளையை நான்கு மாதம் பிரிந்திருந்தாள். இவர்களுக்குச் சிலை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. இவர்களுக்கு இருப்பது அந்த அறையும், அதிலிருந்து பார்த்தால் தெரியும் வாய்க்காலும், வாய்க்காலுக்கு அப்பால் தெரியும் மதகும்தான். விளக்கைத் தலைநகருக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். மதகை எதில் ஏற்றிக் கொண்டுபோவீர்கள்?

யார் வந்து பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு, வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். (பட்டியலில் அது இல்லை, மேசை இழுப்பறையில் இருக்கிறது.) கூரை போன பிறகும் அதில் கையெழுத்துகள் இருக்கின்றன. பெரும்பாலும் சுற்றுப்புறப் பள்ளிப் பிள்ளைகள். வாய்க்காலுக்கு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பக்கத்தில் பெயர் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட பக்கங்கள் அதிகம் இல்லை. திருமணப் பத்திரிகை வைப்பதில்கூட இன்னும் வாய்க்கால் குறுக்கே நிற்கும் ஊர் இது. உரக் கிடங்கு எங்களுக்கு வேண்டும், அதை நான் எதிர்க்கவில்லை. குறுவைக்கு உரம் வாங்க எங்கள் ஊரார் படும் பாடு எனக்குத் தெரியும். ஊராட்சிக்குச் சொந்தமான வேறு மனை பழைய களத்துமேட்டை ஒட்டி இருக்கிறது, லாரி போய்வர வழியும் இருக்கிறது. படிப்பகத்துக்கு முன்னுள்ள சந்தில் மாட்டுவண்டியே திரும்பாது.

ஆகவே, இடிப்பு அறிவிப்பை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கிறேன். நிறுத்தி வைத்திருக்கிறோம் என்ற வாய்மொழி எங்களுக்குப் போதாது. 1974-ஆம் ஆண்டுத் தானப் பத்திரத்தின் நிபந்தனையை ஆய்வு செய்து, அதன்படி அந்த இடத்தை வேறு பயனுக்கு மாற்ற முடியுமா முடியாதா என்பதை எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டடத்தை மண்வீடுகளையும் ஓட்டுவீடுகளையும் அறிந்த ஒரு பொறியாளரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். காங்கிரீட்டை மட்டும் அறிந்தவருக்கு எந்தப் பழைய சுவரும் ஆபத்தாகத்தான் தெரியும். சுவர்கள் உறுதியாக இருப்பதாக எங்கள் ஊர்க் கொத்தனார் சொல்கிறார். தேவைப்படுவது கைமரமும் ஓடும்தான். அந்தச் செலவில் ஒரு பகுதியை ஊரார் ஏற்கத் தயாராக இருக்கிறோம்.

பொருள் ஒன்றுகூட ஊரை விட்டுப் போகக் கூடாது. துண்டறிக்கைகளையும் சங்க ரசீதுப் புத்தகங்களையும் கரையான் அரிக்காமல் காப்பதற்குத் தலைநகரில் வசதி இருக்குமானால், அவற்றைப் படமெடுத்துப் படியை நீங்கள் வைத்துக்கொண்டு மூலத்தை எங்களிடம் திருப்பித் தாருங்கள். எடுத்துச் செல்லும் ஒவ்வொன்றுக்கும் கையொப்பமிட்ட ரசீது கொடுங்கள். அந்த ஆண்டுகளைப் பார்த்தவர்களில் எங்கள் ஊரில் இப்போது மிஞ்சியிருப்பவர்கள் மூன்றே பேர். மூவரும் எண்பத்தைந்தைத் தாண்டியவர்கள், அவர்களில் இருவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவினர். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய ஓர் ஆளை, இந்த மார்கழிக்குள், அனுப்புங்கள். படிப்பகத்தை நிர்வகிக்க ஒரு குழு அமைக்கும்போது இரண்டு தெருக்களிலிருந்தும் சம எண்ணிக்கையில் ஆட்களைச் சேருங்கள்; சாவி இப்போது இருக்கும் கையிலேயே இருக்கட்டும்.

பட்டியலைத் திருத்துங்கள். நான்காவது இனம்: மண் குதிர் – 1. "நிலை" என்னும் கட்டத்தில் "சேதமடைந்தது" என்பதை அடித்துவிட்டு, "அடித்துளையின் வலப்பக்கம் போலீஸ் தடி பட்ட தழும்பு உள்ளது, பூசக் கூடாது" என்று எழுதுங்கள். ஐப்பசி பிறக்க இன்னும் பத்து வாரம்கூட இல்லை. அதற்குள் கூரை வேய முடியாதென்றால், குறைந்தது நல்ல தார்ப்பாய் ஒன்றாவது அனுப்பி வையுங்கள். போன ஆண்டுப் பாய் வடக்குப் பக்கத்தில் கிழிந்துவிட்டது.

இப்படிக்கு,
கீழத்தஞ்சைச் சிற்றூர் ஒன்றின் ஓய்வுபெற்ற தமிழாசிரியை